தாமிரபரணியில் பிடித்த சீலா

ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே தாமிரபரணியில் சீலா மீன் கிடையாது. சீலா கடல் மீன். தூத்துக்குடியில் பால்பல் விழாத பிள்ளைக்குக்கூட இது தெரியும். எனக்கும் நன்றாகவே தெரியும். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மறந்து போயிற்று.

நாங்கள் மூன்று பேர், கல்லூரிக் காலத்துக் கூட்டாளிகள். ஒருவன் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்துக்காரன். இருபது வருஷம் கப்பல் எஞ்சின் அறையில் வெந்தது போதும் என்று கரைக்கு வந்தவன், கரையிலும் இருப்புக் கொள்ளாமல் சின்னதாக ஒரு ஃபைபர் படகு வாங்கி வைத்திருக்கிறான். இன்னொருவன் காயல்பட்டினத்துக்காரன். துபாயில் வேலை. விடுப்பில் வந்தால் எங்களோடு தூண்டில் போடுவான், வராத நாட்களில் வாட்ஸப்பில் இருந்து கேலி பேசுவான். இந்த வருஷம் வீடு கட்டுவதற்கென்று ஆறு மாதம் சேர்ந்தாற்போல் வந்திருந்தான். தளம் போடுகிற நாளன்றுகூட மேஸ்திரியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு எங்களோடு கடலுக்கு வந்துவிட்டான் என்றால் அவன் எப்பேர்ப்பட்ட பொறுப்பாளி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஆள் நான். மில்லர்புரத்தில் வீடு, துறைமுகத்தில் ஒரு க்ளியரிங் ஆபீசில் வேலை. கப்பலில் எது வந்தாலும் கரைக்கு இறக்கிவிடுவேன். நிலக்கரி, மரத்தடி, முந்திரிக்கொட்டை, தெரு நீளத்துக்கு இருக்கிற காற்றாலை இறக்கை, எல்லாம் என் கையெழுத்தில் இறங்கியிருக்கிறது. கடலில் இருந்து ஒரே ஒரு மீனை இறக்க மட்டும் எனக்கு வாய்க்கவில்லை.

மூன்று வருஷமாக இதுதான் நிலைமை. கடல் அமைதியாக இருந்தால் படகில் போவோம். காற்று அடித்தால் ஆற்றுக்குப் போவோம். எங்கே போனாலும் அவர்கள் இருவரும் பிடிப்பார்கள், நான் டீ ஊற்றிக் கொடுப்பேன். படகுக்காரன் ஒரு சட்டம் வைத்திருந்தான். அவனவன் முள்ளில் மாட்டியது அவனவனுக்கு, பங்கு பிரிப்பது கிடையாது. அது மட்டுமில்லை, ஒருத்தன் தூண்டில் நரம்பை இன்னொருத்தன் தொடக்கூடாது. தொட்டுவிட்டால் மீன் இருவருக்கும் பொது. அவன் அப்பா காலத்தில் கைத்தூண்டில் போட்டவர்களிடம் இருந்த வழக்கமாம் அது. ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கு வருகிறவனிடம் எதற்கடா இந்தக் கண்டிப்பு என்று கேட்டால், வழக்கம் வழக்கம்தான் என்பான்.

ஆக, வெறுங்கையோடு வீட்டுக்குப் போகவேண்டும். முதல் சில வாரம் போனேன். கதவைத் திறக்கும்போது என் மனைவி முதலில் என் கையைப் பார்ப்பாள், அப்புறம் என் முகத்தைப் பார்ப்பாள், அப்புறம் ஒன்றும் சொல்லாமல் அடுப்பில் பருப்பை ஏற்றுவாள். அந்த ஒன்றும் சொல்லாதது இருக்கிறதே, அதைத் தாங்க முடியாமல்தான் நான் வழி தவறினேன். வருகிற வழியில் சாலையோரம் மீன் விற்கிற ஒரு அம்மாவிடம் நல்லதாக ஒன்றைப் பார்த்து வாங்கி, ஐஸ் வாடை போகிறவரை தெருக்குழாயில் கழுவி, கொஞ்சம் கடற்கரை மணலையும் பூசி எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். அந்த மணலை ஒரு பாலித்தீன் பையில் பைக் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தேன். அவ்வளவு நேர்த்தியான திருடன் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காற்று. ஆற்றுக்குப் போயிருந்தோம். அணைக்குக் கீழே மருத மர நிழலில் உட்கார்ந்து நாள் முழுக்க மண்புழுவைத் தண்ணீருக்குத் தானம் செய்துவிட்டுத் திரும்பும்போது, கை பழக்கத்தில் போய் அந்த அம்மாவிடம் நின்றது. முழுசாக ஒரு சீலா, பளபளவென்று இருந்தது. வாங்கினேன், கழுவினேன், மணல் பூசினேன், வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மனைவி வாங்கிக்கொண்டாள். குழம்பு வைத்தாள். பரிமாறினாள். நான் இரண்டு துண்டு தின்று, மூன்றாவதற்குக் கையை நீட்டும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஆத்துத் தண்ணி இன்னைக்கு உப்புக் கரிச்சுச்சோ?"

எடுத்த மூன்றாவது துண்டைத் தட்டிலேயே போட்டேன். அவள் நிதானமாக அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே மிச்சத்தையும் சொன்னாள். இன்றைக்குத்தான் கண்டுபிடித்தாள் என்றில்லை. ஒரு வருஷமாகவே அவளுக்குத் தெரியும். நான் மீன் வாங்கிக் கழுவிக்கொண்டிருக்கும்போதே அந்த மீன்கார அம்மா இவளுக்குப் போன் செய்துவிடுவாளாம், "அண்ணாச்சி இன்னைக்கு ஊளி வாங்கிட்டு வாராரு" என்று. அதற்குத் தோதாக இவள் மசாலா அரைத்து வைத்துவிடுவாள். நான் என்ன பிடித்து வந்தாலும் அதற்கேற்ற மசாலா அம்மியில் தயாராக இருக்கிறதே, என்ன பொருத்தம், என்று ஒரு வருஷம் வியந்தவன் நான்.

மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற வீரம் வேறு எவனுக்கும் வராது. எழுந்து நின்று, கையில் குழம்பு வடிய, ஒரு சபதம் எடுத்தேன். நானே தூண்டில் போட்டுப் பிடித்த மீன் இந்த வீட்டுக்குள் வருகிறவரை மீனைத் தொடமாட்டேன். சூடு ஆறுவதற்குள் அதையே குரல் பதிவாக வாட்ஸப் குழுவிலும் போட்டுவிட்டேன். தப்பித்து ஓடுகிற வழிகளை நானே ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டேன் என்பது மறுநாள்தான் புரிந்தது.

அவள் தடுப்பாள் என்று நினைத்தேன். "சரி, நாளையில இருந்து ஒங்களுக்கு ரசம்" என்று சொல்லிவிட்டு என் தட்டில் இருந்த துண்டை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

ஒரு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு வாரம் என்று கணக்குப் போட்டேன். ஐந்து மாதம் ஆயிற்று.

தூத்துக்குடியில் இருந்துகொண்டு மீன் தின்னாமல் இருப்பது என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. காலையில் பைக்கை எடுத்தால் முதல் தெருவில் நெத்திலி, இரண்டாவது தெருவில் கருவாடு. ஆபீசில் மத்தியானம் பன்னிரண்டு டப்பா திறந்தால் பத்து டப்பாவில் மீன். என் டப்பாவில் ரசம். ஆபீஸ் பையன்கள் எனக்கு சுகர் என்றும், இல்லை, ஏதோ ஒரு கோயிலுக்கு மாலை போட்டிருக்கிறேன் என்றும் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசிக்கொண்டார்கள். நான் இரண்டு கட்சிக்கும் தலையாட்டினேன்.

மீன் மட்டும் மாட்டவில்லை. முயல் தீவுக் கரையில் ஒரு பேத்தை மாட்டியது. விஷம் என்று யாரும் தின்னாத மீன். மேலே வந்ததும் பந்து மாதிரி ஊதிக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். இருவருமே ஏமாந்தவர்கள் என்பது இருவருக்கும் தெரிந்தது. விட்டுவிட்டேன். இன்னொரு முறை ஆற்றில் ராடு வில்லாக வளைந்து, நான் கரையில் முன்னும் பின்னும் ஓடி, பத்து நிமிஷம் போராடி இழுத்துப் போட்டால், யாரோ பரிகாரத்துக்காகக் குளித்து ஆற்றோடு விட்டுப்போன வேட்டி. படகுக்காரன் அதை ஒரு நுனியில் இருந்து மறு நுனிவரை அளந்து பார்த்தான். "எட்டு முழம். நல்ல வளந்த உருப்படிதாம்ல" என்றான். காயல்காரன் என்னை அதோடு நிற்கவைத்துப் படம் எடுத்து, அன்றைக்கே துபாயில் இருக்கிற தன் ரூம்காரர்களுக்கு அனுப்பிவைத்தான். கடல் கடந்து அசிங்கப்பட்டவன் எங்கள் ஆபீசில் நான் ஒருவன்தான்.

மூன்றாவது மாதம் இவர்கள் இருவருக்கும் மனசு இளகிவிட்டது. காயல்காரன் ஒருநாள் தன் மீனை என் பையில் போட்டு, யாரிடமும் சொல்லவில்லை, கொண்டு போ என்றான். படகுக்காரனும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். வழக்கத்தையே விட்டுக்கொடுக்கிற அளவுக்கு என் கன்னம் ஒட்டிப்போயிருந்ததோ என்னவோ. பையில் மீன் துள்ளியது. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மணல் பூசிய காலம் முடிந்துவிட்டது. இனி என் முள், என் மீன். இல்லையென்றால் சாகிறவரை ரசம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோதுதான் என் மனைவி முதல்முறையாக இந்த விஷயத்தில் அக்கறையாக ஒரு கேள்வி கேட்டாள். மீன் கொத்தும்போது நான் என்ன செய்வேன்? கொத்தியதும் இழுப்பேன் என்றேன். உடனேயா என்றாள். உடனேதான், இல்லாவிட்டால் ஓடிவிடாதா என்றேன். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அவள் விளாத்திகுளத்துக்காரி. கரிசல் காட்டில் பிறந்தவள், கல்யாணத்துக்கு அப்புறம்தான் கடலையே பார்த்தவள். ஆனால் ஆடு மேய்த்த குடும்பம்.

"ஆட்டுக்குக் கொழையை நீட்டுனா மொதல்ல மோந்து பாக்கும். அப்புறம் ஒரு இலையைக் கடிக்கும். அப்புறந்தான் இழுத்துத் திங்கும். மோந்து பாக்கும்போதே கொழையை வெடுக்குனு இழுத்தா அது ஒங்கள என்னன்னு நெனைக்கும்?"

மறுநாளில் இருந்து பயிற்சி ஆரம்பமாயிற்று. நான் ஹாலில் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவேன். ஆள்காட்டி விரலில் தையல் நூல். அதன் மறுமுனை அடுக்களையில் அவள் கையில். வெங்காயம் உரித்துக்கொண்டே, அவளுக்குத் தோன்றும்போது சுண்டுவாள். லேசாக ஒன்று. நான் இழுத்தால், உள்ளேயிருந்து குரல் வரும், "இப்பத்தான் மோந்து பாத்துச்சு. போச்சு." மறுபடி ஒன்று. இழுக்காமல் இருந்தால் அடுத்தது கொஞ்சம் பலமாக வரும். "இது கடி. பொறுங்க." அதற்கப்புறம் ஒரே இழுவையாக நூல் போகும். அப்போதுதான் நான் இழுக்கவேண்டும். அடுப்பில் அவளுக்கான மீன் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த வாசனையில் கண்ணை மூடிக்கொண்டு பொறுமை பழகினவனுக்கு உலகத்தில் எதையும் பொறுக்க முடியும்.

ஒன்றரை மாதம் அப்படிப் பழகினேன். ஆபீசிலும் மேசை இழுப்பறைக் கைப்பிடியில் நூலைக் கட்டி விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாலை போட்டிருக்கிறேன் என்ற கட்சி வலுத்தது.

காயல்காரனின் ஆறு மாதம் முடிந்தது. வியாழக்கிழமை விமானம். அதற்கு முந்தின ஞாயிறுதான் மூன்று பேரும் சேர்ந்து போகிற கடைசி நாள். முந்தின நாளே அவன் எனக்குப் போன் செய்தான். நாளைக்கு இல்லையென்றால் அடுத்த வருஷம்தான் என்று சொல்லவில்லை. நாளைக்கு அவன் உம்மா இடியாப்பம் கட்டித் தருகிறார், எனக்கென்று தனியாகச் சீனி போட்டு, என்றான். மற்ற இருவருக்கும் மீனாணம். ஆணம் என்றால் அவர்கள் பேச்சில் குழம்பு. அந்தச் சீனி எனக்கு உறைத்தது. நாளைக்கு விடக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

விடிகிற நேரத்தில் புறப்பட்டோம். முயல் தீவைத் தவிர மற்றத் தீவுகள் பக்கம் போகக்கூடாது, அது வனத்துறையின் காவலில் இருக்கிற இடம். அவற்றை விலக்கி வெளியே போனால் கடலுக்கடியில் பாறைத் திட்டுகள் இருக்கின்றன. பார் என்று சொல்வோம். ஒரு காலத்தில் முத்துக் குளித்தது இந்த மாதிரிப் பார்களில்தான். இப்போது அங்கே முத்து எடுக்க யாரும் போவதில்லை. என் போன்ற மூடர்கள் கணவாய் மீன் துண்டை இரையாகக் கோத்துக்கொண்டு கலவா மீன் பிடிக்கப் போகிறோம்.

எட்டுப் பாகம் ஆழம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். ராடு, ரீல் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டுக் கைத்தூண்டில் போட்டேன். ஈயக்குண்டு போய்த் தரையில் தட்டுகிறது விரலில் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். இவன் தூங்குகிறான் பார் என்று காயல்காரன் சொன்னது கேட்டது.

அவர்கள் இருவரும் ஆளுக்கு மூன்று, நான்கு பிடித்துவிட்டார்கள். வெயில் ஏறியது. அப்புறம் என் விரலில் லேசாக ஒன்று. மோந்து பார்க்கிறது. இழுக்கவில்லை. விரல் அசையவில்லை. கொஞ்சம் பலமாக இன்னொன்று. கடி. பொறு. நரம்பு ஒரே இழுவையாகக் கீழே போனது. இழுத்தேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு உயிர் இருந்தது. அந்தப் பேத்தையை விட்டால், மூன்று வருஷத்தில் முதல்முறையாக. எழுந்து நின்றேன், வழுக்கி உட்கார்ந்தேன், நரம்பு ஆள்காட்டி விரலை அறுத்துக்கொண்டு ஓடியது. இருபது வருஷம் எஞ்சினோடு மல்லுக்கட்டியவன் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

"ஏலே, பிடிலே கொஞ்சம். கை போவுது."

படகுக்காரன் இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டான்.

"மாட்டேன்."

"மக்கா, ரத்தம் வருதுலே."

"வரட்டும். நான் தொட்டா மீனு ரெண்டு பேருக்கும் பொது. நாளைக்கும் நீ ரசந்தான் குடிக்கணும். பேசாம இழு."

காயல்காரனுக்குப் பொறுக்கவில்லை. யா அல்லா என்று என் பக்கம் தாவினான். படகுக்காரன் ஒரு கையை அக்குளில் இருந்து உருவி அவன் சட்டைக் காலரைப் பிடித்து உட்கார வைத்தான். அவன் அப்படிப் பிடித்திருக்கவில்லை என்றால் நான் இன்றைக்கு இதை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

பாதி தூரம் வந்த மீன் சட்டென்று கீழே பாய்ந்தது. அப்புறம் அசைவே இல்லை. கல்லைக் கட்டி இழுக்கிற மாதிரி. கலவா பாறைப் பொந்துக்குள் புகுந்து செவுளை விரித்துக்கொண்டால் அவ்வளவுதான், இழுத்தால் நரம்பு அறும். செய்யக்கூடியது ஒன்றுதான். நரம்பைத் தளர்த்திவிட்டு, ஆபத்து போய்விட்டது என்று நினைத்து அது தானாக வெளியே வருகிறவரை காத்திருக்க வேண்டும். தளர்த்தினேன். விரலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கச்சான் காற்று எழும்பியது. தென்மேற்கில் கடல் கறுத்து, அலை தலை வெளுக்கத் தொடங்கியது. படகுக்காரன் எழுந்து நின்று பார்த்தான். எஞ்சின் பக்கம் போய்க் கயிற்றில் கைவைத்தான். சின்னப் படகு, மூன்று குடும்பஸ்தர்கள், அவன் பார்வையிலேயே கணக்குத் தெரிந்தது. இன்னும் கால் மணி நேரத்துக்குமேல் நிற்க முடியாது, அறுத்துவிட்டு வா, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று மெதுவாகத்தான் சொன்னான். கத்தியையும் எடுத்து நீட்டினான்.

நான் கத்தியை வாங்கிக்கொண்டேன். வாங்கித் தொடைக்கடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். கால் மணி நேரம் என்றால் கால் மணி நேரம் இருப்போம் என்றேன். பத்துப் பதினைந்து ஆசாமிகளை ஆட்டிப்படைக்கிற சுங்க அதிகாரியிடம்கூட நான் அந்தக் குரலில் பேசியதில்லை. படகுக்காரன் படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டான்.

படகு ஏறி இறங்கியது. காயல்காரன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் வாய்க்குள் ஓதுவதுமாக இருந்தான். படகு ஆடுகிற ஆட்டத்தில் விரலுக்கு எது அலை, எது மீன் என்று தெரியவேண்டும். கண்ணை மூடினேன். அலை மெதுவாக வந்து மெதுவாகப் போகும். அது வேறு. பத்து நிமிஷம் ஆகியிருக்கும், அலைக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு சின்ன நடுக்கம். வெளியே வந்து எட்டிப் பார்க்கிறது. இழுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வரட்டும். வந்தது. நரம்பு சாய்ந்து ஓடத் தொடங்கிய அந்த நொடியில் இரண்டு கையாலும் வாரி வாரி இழுத்தேன். பொந்தைத் தாண்டி மேலே வந்துவிட்டது. அதற்கப்புறம் நான் நிறுத்தவே இல்லை.

தண்ணீருக்கு வெளியே பழுப்பும் புள்ளியுமாக ஒரு பெரிய வாய் தெரிந்தது. வலைக்கூடையால் கோரி எடுத்து உள்ளே போட்டதும் நான்தான். இரண்டு கிலோவுக்குக் குறையாது. அது துள்ளிய துள்ளலில் திரும்பவும் கடலுக்குப் போய்விடுமோ என்று பயந்து அதன்மேல் குப்புற விழுந்து கட்டிக்கொண்டேன். கரை வருகிறவரை அப்படியே கிடந்தேன். கலவாவின் முதுகு முள் சட்டையைக் கிழித்து வயிற்றில் கோடு போட்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. காயல்காரன் வீடியோ எடுத்தான். நடுவில் அவனுக்குக் கை ஆடிவிட்டதால் பாதிக்குமேல் வானம்தான் தெரிகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டே எடுத்தால் அப்படித்தான் ஆகும் என்று படகுக்காரன் அவனை ஏசினான்.

வீட்டுக் கதவை அவள் திறந்தாள். வழக்கம்போல முதலில் கையைப் பார்த்தாள். மீனைப் பார்க்கவில்லை, கைக்குட்டை சுற்றிய விரலைப் பார்த்தாள். அப்புறம் மீனை வாங்கி, வாயைத் திறந்து, முள் குத்திய இடத்தில் விரலை வைத்துத் தடவினாள். மசாலா அரைத்து வைத்திருக்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு யாரும் போன் செய்யவில்லையே. அரைக்க உட்கார்ந்தாள். நான் அடுக்களை வாசலில் நின்றுகொண்டு மோந்து பார்த்தது, கடித்தது, பொந்துக்குள் புகுந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே அரைத்தாள்.

தலையை என் தட்டில் வைத்தாள். பெரிய தலை. சாதம் தெரியவில்லை.

முதல் கவளம் பிசைந்ததுமே விரல் வெட்டில் காரம் ஏறியது. உச்சந்தலைவரை தீப்பிடித்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவள் எழுந்துபோய் ஒரு கரண்டியைக் கொண்டுவந்து தட்டோரம் வைத்தாள். நான் அதைத் தள்ளிவைத்துவிட்டுக் கையாலேயே தின்றேன். ஐந்து மாதம் பொறுத்தவனுக்கு அரைமணி நேரம் பொறுக்க முடியாதா.

"தனியா ஒக்காந்து தின்னு தின்னு எனக்கு மீனே வெறுத்துப் போச்சு" என்றாள், தன் தட்டைப் பார்த்துக்கொண்டே. "இன்னைக்குத்தான் ருசியா இருக்கு. உப்புச் சரியா இருக்கா?"

சரியாக இருக்கிறது என்றேன். அழுதுகொண்டே சொன்னதால் அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. இன்னும் இரண்டு துண்டு போடச் சொல்லித் தட்டை நீட்டினேன்.